பூங்கா நகரம் கண்ட எபினேசர் ஹோவார்டு

நகரத்திற்கும் நாட்டுப்புறத்திற்கும் இடையே ஒரு நிலப்பகுதி உண்டு. அங்கே ஒருபுறம் ஏர் நடக்கும். மறுபுறம் செங்கல் அடுக்கப்படும். நேற்று விளைநிலமாக இருந்தது இன்று வீட்டுமனையாகும். இன்று நீர்நிலையாக இருப்பது நாளை தெருவாகும். நகரம் வளருந்தோறும் இந்நிலம் சிறிது சிறிதாக அதற்கு இரையாகின்றது. அந்நிலத்தை அழியாமற் காக்க வழி யாது? வயல் மனையாகும்பொழுது அதன் விலை பன்மடங்கு உயர்கின்றதே, அவ்வுயர்வு யாருக்கு உரியது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதற்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் எபினேசர் ஹோவார்டு என்னும் ஆங்கிலேயர். அவர் பெருஞ்செல்வர் அல்லர். பல்கலைக்கழகத்தில் பயின்ற அறிஞர் அல்லர். கட்டடக்கலை வல்லுநரும் அல்லர். பிறர் பேசுவதைச் சுருக்கெழுத்தில் எழுதி, அதனால் வரும் ஊதியத்தைக்கொண்டு வாழ்ந்த எளிய மனிதர் அவர்.

பிறப்பும் இளமையும்

ஹோவார்டு 1850-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 29-ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் ரொட்டியும் இனிப்புப் பண்டங்களும் விற்கும் கடை நடத்தி வந்தார். ஐந்து வயது நிரம்புமுன்னரே ஹோவார்டு வெளியூர்ப் பள்ளிக்கு அனுப்பப்பெற்றார். சட்பரி, இப்சுவிச் முதலிய ஊர்களில் தங்கிக் கல்வி பயின்றார். அவை வயல்கள் சூழ்ந்த சிறு நகரங்கள். அவர் பிறந்த இலண்டனோ புகையும் நெரிசலும் மிக்கது. நகரத்தையும் நாட்டுப்புறத்தையும் இவ்வாறு இளமையிலேயே அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டிற்று.

பதினைந்தாம் வயதில் அவர் பள்ளிப் படிப்பை விடுத்து, பங்குத் தரகர் ஒருவரின் அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தார். ஓய்வு நேரத்தில் தாமே முயன்று சுருக்கெழுத்தைக் கற்றுக்கொண்டார். அந்நாளில் புகழ்பெற்ற சமயச் சொற்பொழிவாளராக விளங்கிய ஜோசப் பார்க்கர் என்பவரின் பேச்சை அவர் ஒருமுறை பிழையின்றி எழுதிக் காட்டினார். அத்திறமையைக் கண்டு வியந்த பார்க்கர், சிறிது காலம் அவரைத் தம் செயலாளராக அமர்த்திக்கொண்டார்.

அமெரிக்க வாழ்க்கை

1871-ஆம் ஆண்டில், தம் இருபத்தொன்றாம் வயதில், ஹோவார்டு நண்பர் இருவருடன் அமெரிக்கா சென்றார். அங்கே நெப்ராஸ்கா மாநிலத்தில் குடியேறி உழுவோர்க்கு அரசு 160 ஏக்கர் நிலம் அளித்து வந்தது. அவரும் அத்தகைய நிலத்தைப் பெற்று மரவீடு ஒன்றில் தங்கி, பயிர்த்தொழிலில் இறங்கினார். ஆனால் எழுதுகோல் பிடித்த கைக்கு ஏர்த்தொழில் எளிதில் வசப்படவில்லை. ஓராண்டிற்குள் அம்முயற்சி தோல்வியுற்றது. ஆயினும் அது வீண்போகவில்லை. நாட்டுப்புற வாழ்வு கண்ணுக்கு இனிதாயினும், துணையும் சந்தையும் வசதியும் இல்லாதவிடத்து அது எத்துணைக் கடுமையானது என்பதை அவர் தம் உடம்பால் உணர்ந்தார். பின்னாளில் நாட்டுப்புறத்தைப் பற்றி எழுதியபொழுது அவர் அதன் அழகை மட்டும் பாடாமல், அதன் துன்பத்தையும் எடுத்துரைத்தமைக்கு இப்பட்டறிவே காரணம் எனலாம்.

பின்னர் அவர் சிகாகோ நகரை அடைந்து, நீதிமன்றங்களிலும் செய்தித்தாள்களுக்காகவும் சுருக்கெழுத்தாளராகப் பணியாற்றினார். 1871-ஆம் ஆண்டு அக்டோபரில் பெருந்தீயால் அழிந்த சிகாகோ, அப்பொழுது புதிதாகக் கட்டப்பட்டு வந்தது. அதற்குப் பூங்கா நகரம் என்னும் சிறப்புப் பெயர் முன்னரே வழங்கி வந்தது. ஒரு நகரம் தானாக வளர்வதேயன்றி, மனிதர் எண்ணித் திட்டமிட்டும் அதனை எழுப்பலாம் என்பதை அவர் அங்கே நேரிற் கண்டார்.

இலண்டனின் நிலை

1876-ஆம் ஆண்டு ஹோவார்டு தாய்நாடு திரும்பினார். நாடாளுமன்ற நடவடிக்கைகளைக் குறித்துத் தரும் நிறுவனம் ஒன்றிற் பணியேற்றார். 1879-இல் எலிசா ஆன் பில்சு என்னும் அம்மையாரை மணந்துகொண்டார். பிள்ளைகள் நால்வர் பிறந்தனர். வருவாயோ சிறிது. அச்சிறு வருவாயிலும் ஒரு பகுதியைத் தட்டச்சுப் பொறியைத் திருத்தி அமைக்கும் ஆராய்ச்சிகளிற் செலவிட்டார். அவர்தம் மனைவியார் இல்லத்தின் சுமையைத் தாங்கியதோடு கணவரின் இலட்சியத்திற்கும் துணைநின்றார்.

அந்நாளில் இலண்டன் கட்டுக்கடங்காமல் பெருகிக்கொண்டிருந்தது. 1801-இல் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் வாழ்ந்த இலண்டனிலும் அதன் சுற்றுப்புறத்திலும், 1901-இல் ஏறத்தாழ 65 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். ஏழைக் குடும்பங்கள் பல ஒற்றை அறையில் ஒடுங்கிக் கிடந்தன. மறுபுறம் நாட்டுப்புறம் வெறுமையுற்றது. அமெரிக்கச் சமவெளிகளில் விளைந்த தானியம் புகைவண்டியிலும் கப்பலிலும் வந்து மலிந்த விலைக்கு விற்றமையால், ஆங்கில உழவர் தம் விளைச்சலுக்கு உரிய விலை பெறாது நலிந்தனர். வேலையிழந்த இளைஞர் ஊரைவிட்டு நகரை நோக்கி நடந்தனர். நகரத்தின் விளிம்பில் இருந்த வயல்களோ மனைகளாக மாறின. அந்நிலத்தின் விலையுயர்வால் வந்த ஊதியம் நிலவுடைமையாளரையே சேர்ந்தது.

நாடாளுமன்றத்தில் எல்லாக் கட்சியினரும் பேசியவற்றைக் கேட்டு எழுதுவதே ஹோவார்டின் தொழில். பல செய்திகளில் மாறுபட்ட கட்சியினர், மக்கள் நாட்டுப்புறத்தைவிட்டு நகரங்களிற் குவிவது தீது என்பதில் மட்டும் ஒன்றுபடுவதை அவர் கண்டார். தீது என்பதை அனைவரும் அறிந்திருந்தனர். தீர்க்கும் வழியை வகுத்தவர் இலர். அவ்வழியை வகுக்க அவர் முற்பட்டார்.

மூன்று காந்தங்கள்

1898-ஆம் ஆண்டு ஹோவார்டு தம் கருத்துகளை ஒரு நூலாக வெளியிட்டார். அதனை அச்சிடுவதற்கு நண்பர் ஒருவர் 50 பவுன் கடன் தந்து உதவினார். சில திருத்தங்களுடன் 1902-இல் அந்நூல் நாளைய பூங்கா நகரங்கள் என்னும் பொருள்படும் பெயருடன் மீண்டும் வெளிவந்தது.

அந்நூலில் அவர் மக்களை இரும்பு ஊசிகளாகவும், வாழிடங்களைக் காந்தங்களாகவும் உருவகம் செய்தார். நகரம் ஒரு காந்தம். வேலையும் கல்வியும் கேளிக்கையும் அதன் ஈர்ப்பு. நெரிசலும் மிகுந்த வாடகையும் மாசுற்ற காற்றும் அதன் குறை. நாட்டுப்புறம் மற்றொரு காந்தம். தூய காற்றும் கதிரொளியும் இயற்கையழகும் அதன் ஈர்ப்பு; குறைந்த கூலியும் தனிமையும் அதன் குறை. மக்கள் இவ்விரண்டனுள் ஒன்றைத்தான் தேர்ந்தாக வேண்டும் என்பதில்லை. இரண்டன் நலன்களும் ஒருங்கே அமைந்த மூன்றாவது காந்தம் ஒன்றைப் படைக்கலாம் என்பது அவர் துணிபு. அம்மூன்றாவது காந்தத்திற்கு அவர் இட்ட பெயரே பூங்கா நகரம்.

பூங்கா நகரத்தின் அமைப்பு

பெயரைக் கேட்டவுடன் மலர்ச்செடிகள் நிறைந்த ஊர் என்று எண்ணுதல் கூடாது. ஹோவார்டு வகுத்த திட்டத்தில் மொத்த நிலம் 6,000 ஏக்கர். அதில் 1,000 ஏக்கரில் மட்டுமே நகரம் அமையும். எஞ்சிய 5,000 ஏக்கர் அதனைச் சூழ்ந்த வேளாண்மை வளையமாக நிலைத்திருக்கும். நகரத்தில் 30,000 மக்களும், வளையத்தில் 2,000 மக்களும் வாழ்வர். நகரின் நடுவே பூங்காவும் பொதுக் கட்டடங்களும், அவற்றைச் சூழ வீடுகளும் பள்ளிகளும், விளிம்பில் தொழிற்சாலைகளும் இருப்புப்பாதையும் அமையும். வீட்டிலிருந்து வேலைக்கும் வயல்வெளிக்கும் நடந்தே சென்றுவிடலாம்.

வளையத்து உழவர்க்கு நகரமே அண்மைச் சந்தை. காய்கறியையும் பாலையும் தொலைவிடங்களுக்கு ஏற்றி அனுப்பும் கூலி அவர்க்கு மிச்சம். நகரத்துக் கழிவுகளோ வயலுக்கு எருவாகும். இவ்வாறு நகரம் நாட்டுப்புறத்தை ஊட்ட, நாட்டுப்புறம் நகரத்தை ஊட்டும். நிலைத்த வளர்ச்சி என்று இக்காலத்தார் கூறும் கொள்கையின் ஒரு கூறு இதில் அடங்கியிருத்தல் காண்க.

மக்கள்தொகை 32,000-ஐ எட்டியபின் என் செய்வது? வளையத்தின்மேற் கட்டடம் எழுப்புதல் கூடாது. வளையத்திற்கு அப்பால் மற்றொரு பூங்கா நகரைத் தொடங்கி, இரண்டையும் புகைவண்டியால் இணைக்க வேண்டும் என்றார் ஹோவார்டு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரம் தன்னைச் சூழ்ந்த பூங்கா நிலங்களை விழுங்காமல், அவற்றிற்கு அப்பால் வட அடிலெய்டாக வளர்ந்ததை அவர் சான்றாகக் காட்டினார்.

நில உயர்வு யாருக்கு?

இத்திட்டத்தின் உயிர்நிலை அதன் வரைபடத்தில் இல்லை; கணக்கில் இருக்கிறது. நகரத்திற்குத் தொலைவில் உள்ள வேளாண்மை நிலத்தை ஏக்கர் 40 பவுன் வீதம் வாங்கினால், 6,000 ஏக்கருக்கு 2,40,000 பவுன் ஆகும். அத்தொகையை நூற்றுக்கு 4 வட்டிக்குக் கடனாகத் திரட்டினால், ஆண்டு வட்டி 9,600 பவுன். அதனை 32,000 மக்களுக்குப் பகிர்ந்தால், ஆள் ஒருவர்க்கு ஆண்டிற்கு 6 ஷில்லிங்கே வரும். இருபது ஷில்லிங் கொண்டது ஒரு பவுன்.

நிலம் தனியார் எவர்க்கும் விற்கப்படாது. ஊரார் பொருட்டுப் பொறுப்பாளர் சிலர் பெயரில் அது நிற்கும். குடியிருப்போர் வாடகை செலுத்துவர். ஊர் வளர வளர நிலத்தின் மதிப்பும், அதற்கேற்ப வாடகையும் உயரும். அவ்வருவாயிலிருந்து வட்டியும் கடனும் அடைத்தது போக, எஞ்சியது சாலைக்கும் பள்ளிக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் செலவாகும். நிலத்தின் மதிப்பை உயர்த்தியவர் அங்கே வந்து குடியேறி உழைத்த மக்களே. ஆதலின் அவ்வுயர்வும் அவர்களையே சேர்தல் வேண்டும் என்பது ஹோவார்டின் நெறி. விளைநில வளையத்தைக் காப்பதற்கும் இதுவே வழி. வயலை மனையாக்கி விற்றுத் தனி ஊதியம் பெறுவார் எவரும் இல்லாதபொழுது, வயல் வயலாகவே நிலைக்கும் அன்றோ?

லெட்ச்வர்த் நகரம்

நூல் எழுதியதோடு ஹோவார்டு அமையவில்லை. 1899-இல் பூங்கா நகரச் சங்கம் ஒன்றை நிறுவினார். ஊர்தோறும் சென்று சொற்பொழிவாற்றினார். சிலர் அவரைக் கனவு காண்பவர் என நகைத்தனர். அவரோ அயராது உழைத்தார். 1903-ஆம் ஆண்டு, முதற் பூங்கா நகர நிறுவனம் என்னும் கூட்டுப்பங்கு நிறுவனம் தோன்றிற்று. பங்குதாரர் நூற்றுக்கு 5 வீதத்திற்கு மேல் ஊதியம் பெறலாகாது என்பது அதன் விதி.

இலண்டனுக்கு வடக்கே ஏறத்தாழ 35 மைல் தொலைவில், லெட்ச்வர்த், வில்லியன், நார்ட்டன் என்னும் மூன்று சிற்றூர்களை உள்ளடக்கிய 3,818 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. உரிமையாளர் பலரிடமிருந்து அது மறைவாகவே வாங்கப்பட்டது. நகரம் வரப்போகிறது என்ற செய்தி பரவினால் விலை ஏறிவிடும் அல்லவா? ரேமண்டு அன்வின், பாரி பார்க்கர் என்னும் கட்டடக்கலைஞர் இருவர் நகரை வரைந்தனர். நிலத்தின் பெரும்பகுதி வேளாண்மைக்கென ஒதுக்கப்பட்டது. அச்சகங்களும் தொழிற்சாலைகளும் வந்தன. வீட்டுக்கு வீடு தோட்டம் அமைந்தது.

ஆயினும் இடர்கள் பல நேர்ந்தன. 1904-இல் ஹோவார்டின் மனைவியார் காலமானார். தம் கணவர் கண்ட நகரில் குடியிருக்கும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. நிறுவனத்திற்கு முதற் பல ஆண்டுகள் ஊதியம் கிட்டவில்லை. நில மதிப்பிற்கேற்ப வாடகையை அவ்வப்போது உயர்த்தும் முறைக்குத் தொழிலதிபர் உடன்படாமையால், நிறுவனத்தார் 99 ஆண்டுகளுக்கு மாறாத வாடகையில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டனர். இதனால் நில உயர்வு ஊரைச் சேரும் என்ற அடிப்படை தளர்ந்தது. கட்டப்பட்ட வீடுகளின் வாடகையும் மிகக் குறைந்த கூலி பெறும் தொழிலாளர்க்கு எட்டவில்லை. யாருக்காக நகரம் எண்ணப்பட்டதோ, அவர்களிற் பலர் அதற்கு வெளியே தங்கி நாள்தோறும் வேலைக்கு வந்து சென்றனர். ஹோவார்டு இவற்றை எண்ணி வருந்தினாலும் முயற்சியைக் கைவிடவில்லை.

வெல்வின் நகரம்

முதல் உலகப்போர் முடிந்தபின், அரசினர் வீடுகள் கட்டுவதில் முனைந்தனர். புதிய பூங்கா நகரங்களை அரசே அமைக்கட்டும் என்று நண்பர்கள் கூறினர். அரசை நம்பிக் காத்திருக்க ஹோவார்டுக்கு மனமில்லை. 1919-ஆம் ஆண்டு, வெல்வின் என்னும் ஊரின் அருகே பெருநிலம் ஒன்று ஏலத்திற்கு வந்தது. அப்பொழுது அவருக்கு வயது 69. கையில் பொருளும் இல்லை. நண்பர் சிலரிடம் முன்பணத்திற்குக் கடன் பெற்றுக்கொண்டு ஏலத்திற்குச் சென்று, ஏறத்தாழ 1,500 ஏக்கர் நிலத்தைக் கேட்டு எடுத்தார். ஏலம் முடிந்தபொழுது முன்பணத்தில் 250 பவுன் குறைந்தது. அதனை அவருக்காக ஏலம் கேட்ட முகவரே கொடுத்துதவினார். ஒரு நகரத்திற்கான நிலத்தை இங்ஙனம் கடன் வாங்கிப் பெற்ற துணிவைக் கேட்டு நண்பர்கள் திகைத்தனர். 1920-இல் நிறுவனம் அமைந்தது. லூயி டி சுவாசோன் என்னும் கட்டடக்கலைஞர் வகுத்த திட்டப்படி வெல்வின் பூங்கா நகரம் எழுந்தது. ஹோவார்டும் அங்கேயே குடியேறினார்.

1927-இல் ஆங்கில அரசு அவருக்குச் சர் பட்டம் வழங்கிற்று. 1928-ஆம் ஆண்டு மே முதல் நாள் அவர் வெல்வினில் இயற்கை எய்தினார். லெட்ச்வர்த்தில் அவர்தம் உடல் அடக்கம் செய்யப்பட்டது. இரண்டு நகரங்களைக் கண்ட அவர் தமக்கெனப் பெருஞ்செல்வம் எதுவும் சேர்க்கவில்லை.

அவருக்குப் பின்

ஹோவார்டு விதைத்த கருத்து பல நாடுகளிற் பரவிற்று. இலண்டனைச் சுற்றிப் பசுமை வளையம் காப்பதற்கு 1938-இல் சட்டம் இயற்றப்பட்டது. 1946-இல் புதிய நகரங்கள் சட்டம் தோன்றிற்று; அவ்வாண்டே அதன்படி அமைக்கப்படும் முதல் நகராக ஸ்டீவனேஜ் அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் சண்டிகர் நகரைச் சுற்றியுள்ள நிலத்தில் கட்டடங்கள் தாறுமாறாக எழாவண்ணம் தடுப்பதற்கு 1952-இல் சட்டம் ஒன்று செய்யப்பட்டது.

ஆனால் பலர் பூங்கா நகரத்தின் பெயரையும் தோட்டத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் உயிர்நிலையை விட்டுவிட்டனர். தோட்டமுள்ள வீடுகளைக் கட்டி, வேலைக்கோ பெருநகரை நம்பியிருக்கும் புறநகர்கள் எங்கும் பெருகின. அவை ஹோவார்டு தடுக்க முயன்ற பரவலையே மிகுவித்தன. நிலம் பொதுவாக நில்லாதவிடத்து வளையமும் நில்லாது என்பதை அவை காட்டுகின்றன.

லெட்ச்வர்த்தின் பிற்கால வரலாறு இதனை இன்னும் தெளிவாக்கும். நில மதிப்பு உயர்ந்தபின், 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளியார் நிறுவனம் ஒன்று அந்நகர நிறுவனத்தின் பங்குகளை வாங்கி, அதனைத் தன்வயப்படுத்திற்று. நகரம் கைமாறிப் போகும் நிலை வந்தது. ஊரார் விழித்தெழுந்தனர், நாடாளுமன்றம் வரை சென்று முறையிட்டனர். 1962-இல் நிறைவேறிய தனிச் சட்டத்தின்படி, நகரத்தின் நிலவுடைமை ஒரு பொதுக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 1995 முதல் அறநிறுவனம் ஒன்று அதனை ஏற்று, நிலத்தால் வரும் வருவாயை ஊர் நலத்திற்கே செலவிட்டு வருகின்றது. ஹோவார்டு எண்ணிய நெறி, அவர் மறைந்து பல்லாண்டு கழிந்தபின், ஊராரின் முயற்சியால் ஓரளவு கைகூடிற்று.

2015-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவை வகுத்த நிலைத்த வளர்ச்சி இலக்குகளில், நகரம், நகரை அடுத்த பகுதி, நாட்டுப்புறம் ஆகிய மூன்றையும் இணைத்துத் திட்டமிடல் வேண்டும் என்பதும் ஒன்றாக இடம்பெற்றுள்ளது. ஒரு சுருக்கெழுத்தாளர் 1898-இல் சொன்னதை உலகம் நூறாண்டிற்குப் பின்னும் எண்ணிப் பார்க்கின்றது.

மாணவர்களே! வயல் இருந்த இடத்தில் வீடு எழுவதை நீங்களும் கண்டிருப்பீர்கள். வீடும் வேண்டும், வயலும் வேண்டும். இரண்டையும் எங்கே, எந்த அளவில் வைப்பது என்பதை முன்னரே எண்ணி வரையறுத்தல் வேண்டும். அதனால் வரும் பயனும் ஊர் முழுமைக்கும் உரியதாதல் வேண்டும். பொருளும் பட்டமும் இல்லாத ஒருவர், தெளிந்த கருத்தும் தளராத முயற்சியும் துணையாகக்கொண்டு இதனைச் செய்துகாட்டத் துணிந்தார். அவர் விட்டுச் சென்ற பணியில் எஞ்சியிருப்பது மிகுதி.